இடியட்டுக்கு அர்த்தம் சொன்னவள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கைப்பேசியில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எங்கோ இருக்கும் யாரையோ விடாமல் 'நூப், நூப்' என்று திட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவன் என்றான். எங்கிருந்து வந்த வார்த்தை என்றேன். புதிதாக விளையாட வந்தவனை அப்படித்தான் சொல்வார்களாம். புதிதாக வந்தது ஒரு குற்றமா, நீ பிறக்கும்போதே துப்பாக்கியோடு பிறந்தாயா என்று கேட்டதற்கு, "நீ கேமே ஆடறதில்ல, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான்.

எனக்கு எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முட்டாள் என்று திட்டுகிற ஆங்கிலச் சொற்கள் மேல் எனக்குப் பல வருடமாக ஒரு கண் உண்டு. சிலர் நாணயம் சேர்ப்பார்கள், சிலர் சேலை சேர்ப்பார்கள். நான் இதைச் சேர்க்கிறேன். அதனால் ஆங்கிலத்தில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். இன்றைக்கும் தொலைபேசியில் யாராவது ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் 'ஹலோ'வுக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கும். அதைச் சொல்லிக்கொள்ள ஒரு வெட்கமும் இல்லை. ஒரு மொழி வராது என்பது வேறு, மூளை இல்லை என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களோடுதான் என் சண்டை.

வெங்காயக் கையைத் துடைக்கப் புதுத் துண்டு ஒன்றை எடுத்தேன். இன்னும் தண்ணீர் படாத துணி. அதில் ஒரு கஞ்சி வாசனை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் சேர்ந்த வாசனை. அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும். குமாரபாளையத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில், கணினி முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன்.

சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. முன்னால் கண்ணாடி அறை. அதில் ஏசியும் நாங்களும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீண்ட கூடம். அதில் துணியைச் சோதித்து, இஸ்திரி போட்டு, மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கும் பெண்கள். எங்கள் வீடு தறிக்காரர் வீடு. தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு ஏசி அறையின் அமைதியே முதலில் பயமாக இருந்தது. பக்கத்து நாற்காலி கோமதிக்கு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பேருந்தில் வருவாள். கணக்கில் பட்டம் வாங்கியவள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். எங்கள் இருவருக்கும் நேர் எதிரே பழனிச்சாமி அண்ணன். சரக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது. கம்பெனி நான்கு தறியோடு ஆரம்பித்த காலத்திலிருந்து இருப்பவர். சட்டைப் பையில் பேனாவும் அளவு நாடாவும் எப்போதும் இருக்கும். எங்களை 'அம்மிணி' என்று கூப்பிடுவார்.

முதலாளியைப் பெரியவர் என்றும் அவர் மகனைச் சின்னவர் என்றும் சொல்வோம். சின்னவர் வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நல்ல சட்டை, நல்ல வாசனை, நல்ல சுறுசுறுப்பு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவர் வாயிலிருந்து ஒரு ஆங்கில வார்த்தை விழும். ஒரே வார்த்தை அல்ல. ஆளுக்குத் தகுந்த மாதிரி, தப்புக்குத் தகுந்த மாதிரி, தினுசு தினுசாக விழும். அவர் ஏன் தமிழில் திட்டுவதில்லை என்பது கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது. தமிழில் திட்டினால் தமிழில் பதில் வரும். மடிப்புப் பகுதியில் இருந்த அக்காமார் வாயைத் திறந்தால் காவிரியே ஒதுங்கி ஓடும். ஆங்கிலத்தில் திட்டினால், என்ன சொன்னார் என்று புரிவதற்குள் அவர் காரில் ஏறிப் போயிருப்பார்.

எனக்கு முதலில் கிடைத்தது 'மோரன்'. மோருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சாப்பாட்டு நேரம்வரை யோசித்தேன். அன்றைக்கென்று தூக்குப் போசியில் மோர் சாதம்தான் கொண்டுபோயிருந்தேன். இவர் எப்போது அதைத் திறந்து பார்த்தார் என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைத்தேன்.

பழனிச்சாமி அண்ணன் கதை இன்னும் மோசம். அவரை 'டன்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போனார் சின்னவர். அண்ணன் தயங்கித் தயங்கி எங்கள் மேசைக்கு வந்து, "ஏனம்மிணி, நான் எப்பங்க டான்ஸ் ஆடுனேன்? அவரு எதுக்கு என்னைய டான்ஸுங்கறாரு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோமதி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பேருந்துக்குப் போகாமல் அவள் நூலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கே மேலட்டை போன ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. அதை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே வைத்துப் புரட்ட வேண்டும். அதில் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் அது பிறந்த கதையைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் ஒரு வரியைப் பத்து வரியாகப் பிரித்துப் படித்தோம். கடைசியில் பிடிபட்டது. டன்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரோடு ஒரு மகா பண்டிதர் இருந்திருக்கிறார். அவர் காலத்தில் அவரைப் போல நுணுக்கமாக வாதம் செய்ய ஆள் இல்லை. அவர் போனபிறகு புதுப் படிப்புக்காரர்கள் வந்தார்கள். பண்டிதரின் சீடர்களைப் பார்த்து, இதோ போகிறான் டன்ஸ்காரன் என்று கேலி செய்தார்கள். டன்ஸ் என்றால் மண்டு என்ற கேலி நிலைத்துவிட்டது, பண்டிதர் மறைந்துவிட்டார்.

மறுநாள் இதைச் சொன்னதும் பழனிச்சாமி அண்ணன் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்படியானால் சின்னவர் தன்னைப் பெரிய வித்துவான் என்றுதானே சொல்லியிருக்கிறார் என்று கேட்டார். அதன்பிறகு அந்த வார்த்தை வரும்போதெல்லாம் லேசாகத் தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்வார். சின்னவருக்கு அது விளங்கவேயில்லை.

இப்படித்தான் எங்களுக்கு வேலை ஒன்று கிடைத்தது. திட்டு விழ விழ, நூலகத்துக்கு ஓடினோம். 'ஃபூல்' என்பதன் மூலம் லத்தீனில் துருத்தி. உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லாத தோல் பை. இது எங்களில் யாருக்கும் பொருந்தவில்லை, சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே இருக்கட்டும் என்று கோமதி முடிவு செய்தாள். 'சில்லி' என்பது ஒரு காலத்தில் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று பொருள் தந்த சொல். பிறகு அப்பாவி ஆனது, பிறகு பாவம் ஆனது, கடைசியில் அசடு ஆனது. நல்லவனாக இருந்தால் என்ன கதி என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். இதற்கு நேர் எதிராக ஏறியது 'நைஸ்'. அதன் பழைய பொருள் ஒன்றும் அறியாதவன் என்பதாம். சின்னவர் மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் எங்கள் வேலையைப் பார்த்து 'நைஸ்' என்பார். "இவரு பாராட்டுனாலும் திட்டுனாலும் சொல்றது ஒண்ணுதான் புள்ள" என்றாள் கோமதி. அன்று முழுவதும் 'நைஸ்' காதில் விழும்போதெல்லாம் நான் குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன்.

எல்லாமே சிரிப்பாக இருந்துவிடவில்லை. என்னுடைய மோரன் இருக்கிறதே, அதன் முழுக் கதை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அது தானாக முளைத்த சொல்லே இல்லை. நூறு வருடத்துக்குச் சற்று முன்னால் அமெரிக்காவில் படித்த மனிதர் ஒருவர் கிரேக்கச் சொல் ஒன்றை எடுத்து வேண்டுமென்றே செய்தது. மனிதர்களுக்குப் பரீட்சை வைத்து, இவ்வளவு மூளை உள்ளவன் இந்தப் பெயர், இதற்குக் கீழே உள்ளவன் அந்தப் பெயர் என்று பிரித்து வைத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்கு, அவர்களுக்குத் தெரியாத ஊரில், பழகாத கேள்விகளைக் கேட்டு அந்தப் பெயரை ஒட்டினார்கள். ஒட்டியபின் திருப்பி அனுப்பினார்கள், காப்பகங்களில் அடைத்தும் வைத்தார்கள். அதைப் படித்த நாளில் எனக்கு மோர் நினைவு வரவில்லை.

'கிரெட்டின்' என்ற வசவு அதற்கு நேர்மாறு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சில கிராமங்களில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் கிடையாது. குழந்தைகள் கழுத்து வீங்கி, உடம்பு வளராமல், பேச்சு வராமல் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவர்களைக் கிறிஸ்தவர் என்று தங்கள் கொச்சையில் சொன்னார்களாம். இவனும் நம்மைப் போல ஒரு மனிதன்தான், விலங்கு அல்ல என்று அர்த்தம். இரக்கத்தில் பிறந்த வார்த்தை. கீழே சமவெளிக்கு வந்ததும் அதைக் கல்லாக்கி எறிய ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? ஏரி நிரம்பும்போது உயிரைப் பணயம் வைத்து மடையைத் திறக்கப் போனவனிடமிருந்துதான் மடையன் என்ற வசவு வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையோ கட்டுக்கதையோ, நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

எங்கோ போய்விட்டேன். நான் சொல்ல வந்தது ஒரு திங்கட்கிழமையைப் பற்றி.

எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியப் பார்ட்டி ஒன்றுக்குப் போன சமையலறைத் துண்டில், மூலையில் மாட்டித் தொங்கவிடும் வளையம் தைக்கப்படவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தபிறகு கோபமாக மின்னஞ்சல் வந்தது. வளையம் வேண்டாம் என்று பழனிச்சாமி அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னவர் சின்னவர்தான். அப்போது நான் அண்ணன் பக்கத்திலேயே இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பழனிச்சாமி அண்ணன் அதை மிக மெதுவாக, நீங்கள்தானே சொன்னீர்கள் என்ற அளவுக்கு மட்டும் நினைவுபடுத்தினார். சின்னவர் மேசையைத் தட்டி எழுந்தார். இடியட் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதுவரை எவ்வளவு கோபம் வந்தாலும் 'நீங்க' என்றே பேசியவர், "எந்திரி. ஐ ஆம் அன் இடியட்டுனு எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு உக்காரு" என்றார்.

அண்ணன் எழுந்தார். எங்கள் பக்கத்தில் மூத்தவரை நீ என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.  அவர் வாய் மெல்லத் திறந்தது.

"அண்ணா, சொல்லாதீங்க."

கோமதி எழுந்து நின்றாள். சின்னவர் அவளை யார் என்று அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் குரல் உயரவில்லை. வீட்டு வாசலில் நின்று பால்காரரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் பார்த்தனுங்க. கிரேக்க தேசத்துல ஊர்க்கூட்டம் போடுவாங்களாம். கூட்டத்துக்கு வராம, வந்தாலும் ஊருக்கு ஒரு நாயம் பேசாம, தன்ற காரியத்த மட்டும் பாத்துக்கிட்டு இருக்கறவனுக்குத்தானுங்க அந்தப் பேரு. அப்படிப் பாத்தா இத்தன நாளா இந்த ரூம்ல நாங்க அத்தன பேரும் இடியட்டுதானுங்க. அண்ணனுக்கு மட்டும் அதக் குடுக்காதீங்க. இன்னிக்கு நான் வாயத் தொறந்துட்டனுங்க. இனி என்னைய அப்படிச் சொல்ல முடியாது."

அதை அவள் எங்களிடம்கூட அதற்குமுன் சொல்லியிருக்கவில்லை. எப்போது தனியாகப் போய்ப் பார்த்தாளோ தெரியாது. ஸ்டுப்பிட் என்ற சொல்லுக்கு மூலப் பொருள், அடி விழுந்ததுபோலத் திகைத்து நிற்பவன் என்பது. அந்த ஒரு நிமிடம் சின்னவர் சுத்தமான ஸ்டுப்பிட்டாக நின்றார். பிறகு சிரிக்க முயன்று, முடியாமல், வெளியே போகச் சொல்லிக் கதவைக் காட்டினார். கோமதி தன் பையை எடுத்தாள். நானும் எழுந்துவிட்டேன். பெரிய வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவள் எழுந்தால் எழுந்துவிடுவது பள்ளிக்கூடத்து வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து எனக்கு வந்த பழக்கம். எழுந்தபிறகுதான் என் பையை எடுக்க மறந்தது தெரிந்தது. ஆனால் எழுந்தது எழுந்ததுதானே.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடிப்புப் பகுதியின் மூத்த அக்கா வந்து என்ன நடந்தது என்று விசாரித்தார். இடியட், கிரேக்கம் எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. பழனிச்சாமியை 'நீ' என்றது ஒன்றே போதுமாக இருந்தது. போய்த் தன் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். அடுத்தவர் அணைத்தார். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கூடத்தின் கடைசிவரை போனது.

மதியத்துக்குள் பெரியவர் தன் பழைய மொபெட்டில் வந்து சேர்ந்தார். எல்லோரிடமும் கேட்டார். பிறகு கூடத்தில் நின்றிருந்த கோமதியைக் கூப்பிட்டு, முதலாளியை எதிர்த்துப் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டால் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அவள், சின்னவர் முதலில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு நான் கேட்கிறேன் என்றாள். சின்னவர் கண்ணாடி அறையை விட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பெரியவர், தானே பழனிச்சாமி அண்ணன் முன்னால் கைகூப்பினார். அண்ணன் பதறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். இஸ்திரிப் பெட்டிகள் மறுபடி சூடாக ஆரம்பித்தன.

கோமதி மட்டும் சமாதானம் ஆகவில்லை. "பேசுனது ஒருத்தரு, கும்புடறது ஒருத்தருங்களா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

பேருந்து நிறுத்தம்வரை நானும் அண்ணனும் கூடப் போனோம்.  பேருந்து தூரத்தில் தெரிந்ததும் அண்ணன் கோமதியிடம், "நீ மட்டும் எந்திரிக்காட்டி நான் சொல்லியிருப்பேன் சாமி. சொல்லிப்போட்டு உக்காந்து வேலையும் பாத்திருப்பேன். அப்பறம் ஊட்ல போய்ப் புள்ள மூஞ்சிய எப்படிப் பாத்திருப்பேன்னுதான் தெரியல" என்றார். கோமதி அவர் கையைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

அவள் திரும்பி வரவேயில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாள். எந்த வண்டி எந்த மாநிலத்தில் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று நாளெல்லாம் தொலைபேசியில் விசாரிக்கும் வேலை. ஒரே வருடத்தில் இந்தியும் தெலுங்கும் பிடித்துக்கொண்டாள். இந்த மூளையைத்தான் இங்கே சந்தேகப்பட்டார்கள். நான் கல்யாணம் ஆகும்வரை அந்தக் கண்ணாடி அறையிலேயே இருந்தேன். அதற்குப் பிறகு அங்கே அந்த மாதிரி வார்த்தை எதுவும் விழுந்து நான் கேட்கவில்லை. சின்னவர் கோபம் வந்தால் வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வருவார். மன்னிப்பு அவர் கேட்கவில்லை. அண்ணனை நேராகப் பார்த்துப் பேசவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் சின்னவரைப் பார்த்தேன். தலை நரைத்து, மரியாதையாக, நன்றாகவே பேசினார். நானாகத்தான் கோமதி பேச்சை எடுத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். எந்தக் கோமதி என்றார். அடையாளம் சொன்னேன். நிஜமாகவே நினைவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. அப்புறம், அதனால் என்ன என்று தோன்றிவிட்டது. எறிந்தவனுக்குக் கல் நினைவிருக்காது. பட்டவர்கள் நாங்கள். நாங்கள் மறக்கப்போவதில்லை.

பழனிச்சாமி அண்ணன் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கண்ணாடி அறை இருந்த முன்பகுதி போய்விட்டது. மிச்சத்தில் ஒரு பிரியாணிக் கடை நடக்கிறது. நூலகத்தில் அந்த அகராதி இல்லை. இப்போது அதற்குத் தேவையும் இல்லை, எல்லாம் கைப்பேசியில் வருகிறது. இவற்றுக்காகவெல்லாம் நான் ஏங்குவதில்லை. போகட்டும்.

கோமதி புதுச்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். அவள் மகள் பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். போன மாதம் ஒரு காலை, கழுத்தில் தொங்கிய அட்டையை வாசலில் காட்டியிருக்கிறாள், கதவு திறக்கவில்லை. இனி வேலை இல்லை என்று கைப்பேசியில் ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. திறமை போதவில்லை என்று ஏதோ கணக்குப் போட்டு முடிவாகிவிட்டதாம். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மேலாளருக்கும் அப்படியே ஒரு செய்தி வந்து அவரும் போய்விட்டாராம். அம்மாவைப் போலவே அவளும் விடுகிற ரகம் இல்லை. பதில் எழுதினாள். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது என்று திரும்பி வந்தது.

நாம் இருவரும் பெங்களூருக்கே போய் யாரையாவது பார்த்துக் கேட்டுவிட்டு வருவோம் என்று கோமதியிடம் சொன்னேன். இந்த முறை பையையும் மறக்காமல் எடுத்துக்கொள்வேன். 

"போயி யார் முன்னால எந்திரிச்சு நிக்கறது புள்ள?" என்றாள். "திட்டறதுக்குக்கூட அங்க ஆள் இல்லயாம்."